கூண்டுல இருக்கிற புள்ளிமானுக்கு மயக்க ஊசி: முந்தின நாள்லேர்ந்து மான் எழுந்து தீனி எடுக்கிற வரைக்கும்

மயக்க ஊசி போட்ட மான் செத்துப்போச்சுன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது "டோஸ் ஜாஸ்தியாயிடுச்சா டாக்டர்"ன்னுதான். ஆனா பல நேரம் அந்த மானைக் கொன்னது மருந்து இல்லைங்க. துரத்துனது, வெயிலேறின பிறகு டார்ட் (தூரத்துலேர்ந்து பாய்ச்சுற மயக்க ஊசி) அடிச்சது, வேடிக்கை பாக்க கூட்டம் கூடினது, வயிறு உப்புற மாதிரி படுக்க வைச்சது, எழுந்துடுச்சுன்னு நம்பி விட்டுட்டு வந்தது, இதுலதான் மான் போகுது. அதனால இந்த வழிகாட்டியில மருந்தைப் பத்தி எழுதுறதை விட மருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் செய்ய வேண்டியதுதான் அதிகமா இருக்கும்.

இது மான் பூங்காவுக்கும் உயிரியல் பூங்காவுக்கும் புதுசா வேலைக்கு வந்த கால்நடை மருத்துவர்களுக்கும், அவங்க கூட நிக்கிற கீப்பர்களுக்கும் எழுதினது. மருந்து எது, எவ்வளவுன்னு முடிவு பண்றதும் ஊசியில ஏத்துறதும் மருத்துவர் மட்டும்தான் செய்யணும், கீப்பருக்கு எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் சரி. இன்னொண்ணு, புள்ளிமானும் கடமானும் வெளிமானும் 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டத்துல வர்ற விலங்குங்க, யாரும் வீட்டுல தோட்டத்துல வளர்க்க முடியாது. அப்படி எங்கயாவது அடிபட்ட மானைப் பாத்தா நீங்களா எதுவும் பண்ணாதீங்க, வனத்துறைக்கு சொல்லுங்க.

முதல்ல, மயக்கம் வேணுமா?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு தடவையும் கேக்கணும். சின்ன புண்ணு, அதுல புழு வைக்கல, மான் நல்லா மேயுது, அசை போடுதுன்னா மருந்தை தீனியில கலந்து குடுத்து ரெண்டு நாள் பாக்கலாம். குடற்புழு மருந்தும் அப்படியே. தினமும் ஒரு சின்ன அடைப்புக்குள்ள வந்து தீனி சாப்பிட பழக்கி வைச்சிருந்தா பாதி வேலைக்கு ஊசியே தேவைப்படாது, கதவை மெதுவா சாத்திட்டு பக்கத்துலேர்ந்து பாத்து போட்டோ எடுத்து முடிவு பண்ணிடலாம். மத்தியப் பிரதேசத்துல புள்ளிமான்களை கூட்டமா இடம் மாத்தும்போது போமா முறையைத்தான் பயன்படுத்துறாங்க. புனல் மாதிரி குறுகிட்டே போற அடைப்புக்குள்ள மான்கள் தானா நடந்து வண்டியில ஏறிடும், ஒண்ணுக்கும் மயக்க மருந்து கிடையாது.

மயக்கம் கட்டாயம் வேணும்ங்கிற வேலைகளும் இருக்கு. ஆண் மான்கள் சண்டை போட்டு தொடையிலயோ கழுத்துலயோ ஆழமா குத்து வாங்கி உள்ள புழு வைச்ச புண்ணு, குளம்பு நீளமா வளந்து நொண்டுறது, கம்பியில மாட்டுன கொம்பு, குட்டி பாதி வெளிய வந்து நிக்கிற பிரசவம், கட்டி, எலும்பு முறிவு. காசநோய் டெஸ்ட்டும் இதுல வரும். அதுக்கு தோல்ல ஊசி போட்டுட்டு 72 மணி நேரம் கழிச்சு மறுபடி பாக்கணும், அதாவது ஒரே வாரத்துல ரெண்டு தடவை பிடிக்கணும், அதை யோசிச்சுட்டு இறங்குங்க.

எப்படியும் மயக்கப் போறோம்னா அந்த ஒரு தடவையிலயே ரத்தம் எடுக்கிறது, மைக்ரோசிப், எடை, பல்லைப் பாத்து வயசு எல்லாத்தையும் சேத்து முடிச்சிடணும். அதே மானை அடுத்த மாசம் இன்னொரு தடவை மயக்குற நிலைமை வரக்கூடாது.

முந்தின நாள் வேலை

அவசரம் இல்லாத கேஸ்னா நேரத்தை நாமதான் தேர்ந்தெடுக்கிறோம். நம்ம ஊர் வெயிலுக்கு காலையில 6 மணிக்கு டார்ட் அடிச்சு 8 மணிக்குள்ள மான் எழுந்து நிக்கணும், அதுதான் கணக்கு. சித்திரை, வைகாசியில தள்ளிப்போட முடிஞ்ச வேலையெல்லாம் தள்ளிப்போடுங்க. சாயங்காலம் சூடு குறைஞ்சிருக்கும்னு சிலர் அப்ப பண்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, மான் தள்ளாடி எழுந்துக்கிற நேரம் இருட்டிப் போச்சுன்னா அது எங்க போய் மோதுதுன்னு கூட நமக்கு தெரியாது.

வளந்த மானுக்கு முந்தின நாள் சாயங்காலத் தீனியை நிறுத்திடுங்க, 12 மணி நேரமாவது வயிறு காலியா இருக்கணும். அசை போடுற விலங்குக்கு 12 மணி நேரத்துல வயிறு முழுசா காலியாகாது, ஆனா வாய் வழியா மேல வர்றதும் உப்புசமும் கொஞ்சம் குறையும். தண்ணியை ராத்திரி எடுத்துட்டா போதும், ஆனா கோடையில தண்ணியை ரொம்ப நேரம் நிறுத்தாதீங்க. சென்னை மாதிரி ஊருக்குள்ள இருக்கிற மான்கள் பிளாஸ்டிக் தின்னு வயித்துல உருண்டையா வைச்சிருக்கும், அந்த மாதிரி மானுக்கு உப்புசம் சீக்கிரம் வரும்னு மனசுல வைச்சுக்குங்க.

எடைதான் அடுத்த தலைவலி. கண்ணால பாத்து சொல்ற எடை நிறைய தப்பும், அதுவும் கொம்பு பெருசா இருந்தா எல்லாரும் கூட்டித்தான் சொல்லுவாங்க. வளந்த ஆண் புள்ளிமான் சுமாரா 70லேர்ந்து 90 கிலோ, பெண் மான் 40லேர்ந்து 60 கிலோ வரைக்கும் இருக்கும். தீனித் தொட்டிக்கு கீழ ஒரு பிளாட்ஃபார்ம் தராசை நிரந்தரமா வைச்சுட்டா இந்தப் பிரச்சினையே இல்ல, மான் பூங்கா நடத்துறவங்க கட்டாயம் செய்ய வேண்டிய செலவு இது.

இடத்தை தயார் பண்றதுல கஞ்சத்தனம் கூடாது. அந்த ஒரு மானை மட்டும் சின்ன அடைப்புக்கு ரெண்டு நாள் முன்னாடியே பிரிச்சு வைங்க, முடிஞ்சா கம்பி வேலிக்கு மேல சணல் துணியோ பச்சை வலையோ கட்டி மறைச்சிடுங்க. மயக்கம் ஏறுற மான் வெறும் கம்பி வேலி இருக்கிறதையே உணராது, நேரா போய் மோதி கழுத்தை உடைச்சுக்கும். தண்ணித் தொட்டி, குட்டை, பள்ளம், கூர்மையான கல் எதுவும் இருக்கக் கூடாது. தொட்டியை காலி பண்ணி கவுத்து வைங்க, அரை மயக்கத்துல இருக்கிற மானுக்கு அரை அடி தண்ணி போதும் மூழ்கிறதுக்கு.

ஆள் விஷயத்துல எனக்கு கண்டிப்பு அதிகம். மருத்துவர் ரெண்டு பேர் இருந்தா நல்லது, தூக்குறதுக்கு நாலு பேர், மணி பாத்து எழுதுறதுக்கு ஒருத்தர், அவ்வளவுதான். மத்தவங்க யாரா இருந்தாலும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துல நிக்கணும், அதிகாரியா இருந்தாலும் சரி, கேமரா வைச்சிருக்கிற பத்திரிகைக்காரரா இருந்தாலும் சரி. செல்போன் எல்லாம் ஆஃப். அந்த மானுக்கு தினமும் தீனி போடுற கீப்பர் அண்ணனை மட்டும் முன்னாடி விடுங்க, அவர் குரலும் நடையும் மானுக்கு பழகினது.

மருந்து

நம்ம ஊர்ல மானுக்கு அதிகமா பயன்படுறது சைலசினும் கெட்டமினும் சேர்ந்த கலவை. சைலசின் மயக்கி தசையைத் தளர விடும், கெட்டமின் அசையாம நிறுத்தும். கெட்டமினை மட்டும் தனியா போடாதீங்க, உடம்பு விறைச்சு வலிப்பு மாதிரி வரும். சைலசினை மட்டும் போட்டா இன்னொரு ஆபத்து, படுத்து தூங்குற மாதிரியே இருக்கும், ஒரு சத்தம் கேட்டா துள்ளி எழுந்து உதைக்கும், ஏற்கனவே மிரண்டு போன மானுக்கு அது சரியா வேலையே செய்யாது. மெடிடோமிடின் கிடைச்சா சைலசினுக்கு பதிலா அதை கெட்டமினோட சேத்துப் போடலாம், அளவு ரொம்ப குறைவாத் தேவைப்படும். ஜெர்மனியில மியூனிக் நகரத்து ஹெல்லாப்ரூன் உயிரியல் பூங்காவுல உருவான கலவைன்னு ஒண்ணு உலகம் முழுக்க மான்களுக்குப் போடுறாங்க, 500 மில்லிகிராம் சைலசின் பொடியை ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கிற கெட்டமின் 4 மில்லியில கரைச்சது. இதோட வசதி என்னன்னா மொத்த அளவு சின்னதாகி ஒரே சின்ன டார்ட்ல அடங்கிடும்.

இங்க ரெண்டு தப்பு அடிக்கடி நடக்கும். ஒண்ணு, மாட்டு டாக்டரா இருந்துட்டு வந்தவங்க மாட்டு கணக்கையே மானுக்குப் போடுறது. மாடு சைலசினுக்கு ரொம்ப சீக்கிரம் விழும், கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் அளவுலயே மாடு தள்ளாடும். புள்ளிமானுக்கு அதைப் போல பல மடங்கு தேவை, மாட்டு அளவைப் போட்டா மான் அரை மயக்கத்துல ஓடி ஓடியே சூடேறிச் சாகும். அதாவது குறைஞ்ச டோஸ் பாதுகாப்பான டோஸ் கிடையாது. ரெண்டாவது, பாட்டில். சைலசின் மில்லிக்கு 20 மில்லிகிராமும் வருது, 100 மில்லிகிராமும் வருது, கெட்டமின் 50ம் இருக்கு 100ம் இருக்கு. லேபிளை ஒருத்தர் சத்தமா படிக்கணும், இன்னொருத்தர் கணக்கை மறுபடி போட்டுப் பாக்கணும், அப்புறம்தான் ஊசி.

சினையா இருக்கிற மானுக்கு கடைசி மாசங்கள்ல சைலசின் தவிர்க்க முடிஞ்சா தவிர்த்திடுங்க, கர்ப்பப்பை சுருங்கி குட்டி போயிடலாம். கொம்பு வெல்வெட்டோட, அதாவது மேல மெத்துன்னு தோல் மூடி, வளந்துட்டு இருக்கிற ஆண் மானையும் அவசரம் இல்லன்னா தொடாதீங்க, அந்தத் தோல் முழுக்க ரத்தக்குழாய், லேசா இடிச்சாலே ரத்தம் நிக்காது. புள்ளிமானுக்கு ஒரே சீசன்னு கிடையாது, வருஷத்துல எந்த மாசமும் கொம்பு முத்தின ஆணும் வெல்வெட்ல இருக்கிற ஆணும் ஒரே கூட்டத்துல இருக்கும், அதனால காலண்டரைப் பாக்காம அந்த மானைப் பாருங்க.

எழுப்புற மருந்தை, அதாவது யோஹிம்பைன் இல்லன்னா அட்டிபமெசோலை, டார்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஊசியில ஏத்தி பேர் எழுதி வைச்சிருக்கணும். அது கையில இல்லன்னா அன்னைக்கு வேலையை ஆரம்பிக்காதீங்க. கூடவே ஆக்ஸிஜன் சிலிண்டர், மூக்குல விடுற டியூப், வயித்து டியூப், ஐஸ், ரெண்டு டிரம் தண்ணி, குளுக்கோஸ், தெர்மாமீட்டர்.

கெட்டமின் நம்ம நாட்டுல 2013லேர்ந்து எக்ஸ் அட்டவணை மருந்து, பூட்டி வைச்சு ஒவ்வொரு மில்லிக்கும் கணக்கு எழுதணும். மனுஷப் பாதுகாப்பையும் இங்கயே சொல்லிடுறேன். மருந்து ஏத்தும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சைலசின் மனுஷ உடம்புல ஏறினா மூச்சும் நாடித்துடிப்பும் விழும், மனுஷனுக்குன்னு அதுக்கு அங்கீகரிச்ச மாற்று மருந்து கிடையாது. யாருக்காவது ஊசி குத்திட்டா தண்ணி விட்டுக் கழுவி, படுக்க வைச்சு, மூச்சைப் பாத்துக்கிட்டே 108 கூப்பிடுங்க, மருந்து பாட்டிலையும் கூடவே ஆஸ்பத்திரிக்கு குடுத்து அனுப்புங்க.

டார்ட்

சின்ன அடைப்புல இருக்கிற புள்ளிமானுக்கு ஊதுகுழலே போதும், 10 மீட்டருக்குள்ள நல்லா வேலை செய்யும், சத்தம் கிடையாது, அடியும் மெல்லிசு. பெரிய வளாகத்துல இருந்தா மட்டும் காத்தழுத்தத்துல இயங்குற துப்பாக்கி. புள்ளிமான் ஒல்லியான உடம்பு, அழுத்தம் அதிகமா வைச்சா டார்ட் எலும்பையே உடைச்சிடும், அதனால தூரத்தை அளந்து அதுக்குத் தேவையான குறைஞ்ச அழுத்தம்தான் வைக்கணும். டார்ட்டோட ஊசியில நுனிக்குப் பதிலா பக்கவாட்டுல ஓட்டை இருக்கும், அதை ஒரு சிலிகான் உறை மூடியிருக்கும், சதையில குத்தும்போது உறை பின்னாடி நகர்ந்து அழுத்தம் மருந்தை உள்ள தள்ளும். அந்த உறை சரியா நிக்கலைன்னா மருந்து காத்துலயே போயிடும், அதனால முந்தின நாளே வெறும் தண்ணி ஏத்தி அட்டைப்பெட்டியில அடிச்சுப் பாத்துடுங்க.

குறி வைக்க வேண்டியது பின் தொடையோட தடிச்ச சதை, இல்லன்னா தோள் சதை. வயிறு, விலா, முகம் பக்கம் போகவே கூடாது. மான் பக்கவாட்டுல நின்னு, தலை குனிஞ்சு, அமைதியா இருக்கும்போதுதான் அடிக்கணும், ஓடுற மானுக்கு அடிக்காதீங்க. அரை மணி நேரம் நின்னும் வாய்ப்பு கிடைக்கலன்னா திரும்பி வந்து நாளைக்குப் போங்க, அதுல ஒரு வெட்கமும் இல்ல. அடிச்ச நிமிஷத்தை எழுதுங்க. குறி தவறி விழுந்த டார்ட்டைத் தேடி எடுக்காம யாரும் அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது.

அடுத்த 15 நிமிஷம்

எல்லாரும் விலகிடுங்க, மறைவா ஒருத்தர் மட்டும் பைனாகுலர்ல பாக்கட்டும். முதல்ல காது தொங்கும், அப்புறம் தலை தாழும், எச்சில் வடியும், காலை அகட்டி நிக்கும், தள்ளாடும், மடங்கி உக்காரும். பொதுவா 5லேர்ந்து 15 நிமிஷத்துக்குள்ள இது நடந்துடும். படுத்த உடனே ஓடாதீங்க, இன்னும் 5 நிமிஷம் விடுங்க, பாதி மயக்கத்துல தொட்டீங்கன்னா மொத்த மருந்தும் வீணாகி மான் எழுந்து ஓடும். 20 நிமிஷம் ஆகியும் நின்னுட்டே இருந்தா டார்ட்டுக்குள்ள மருந்து மிச்சம் இருக்கான்னு பாத்துட்டு மருத்துவர் அடுத்த டோஸை முடிவு பண்ணட்டும், அதுக்கு முன்னாடி அவசரப்பட்டு ரெண்டாவது டார்ட் வேண்டாம்.

கிட்ட போறதும் படுக்க வைக்கிறதும்

பின்பக்கமா, பேசாம வாங்க. நீளமான குச்சியால காதை லேசா தொட்டுப் பாருங்க, காது ஆடுச்சுன்னா இன்னும் காத்திருங்க. முதல் வேலை கண்ணைக் கட்டுறது, கண்ணுல ஆயின்மென்ட் போட்டு மெத்துன்னு இருக்கிற துணியால கட்டி, காதுல பஞ்சு வைங்க, கடைசியில அந்தப் பஞ்சை எடுக்க மறக்காதீங்க. கொம்பு முத்தின ஆண் மானா இருந்தா ஒருத்தர் கொம்போட அடியைப் பிடிச்சு அந்தத் தலைக்கு மட்டும் பொறுப்பா இருக்கணும், கொம்பு நுனியில துண்டு துண்டா வெட்டின ரப்பர் ஹோஸ் பைப்பை மாட்டி விடுங்க.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம், படுக்கிற விதம். மானை நெஞ்சு தரையில இருக்கிற மாதிரி உக்கார வைக்கணும், ரெண்டு பக்கமும் மண் மூட்டை முட்டு குடுங்க. கழுத்து உயரமா, மூக்கு தாழ்வா, எச்சிலும் வயித்துலேர்ந்து வர்றதும் வெளிய வடியணும், நுரையீரலுக்குப் போகக் கூடாது. பக்கவாட்டுல படுக்க வைச்சே ஆகணும்னா வலது பக்கம் கீழ இருக்கட்டும், பெரிய வயிறு இடது பக்கம் இருக்கிறதால அது மேல வரும், வாயு சேருதான்னு கண்ணுல தெரியும். மல்லாக்க போடவே கூடாது. தூக்கணும்னா தார்ப்பாயில வைச்சு நாலு பேர் தூக்குங்க, காலைப் பிடிச்சு இழுக்காதீங்க.

5 நிமிஷத்துக்கு ஒரு தடவை

மூச்சு, நாடித்துடிப்பு, ஆசனவாய் வெப்பம், ஈறோட நிறம், இடது வயிறு. இதை ஒருத்தர் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்து சத்தமில்லாம எழுதிட்டே இருக்கணும். வெப்பம் 39.5 டிகிரி செல்சியஸ் வரைக்கும் பயமில்ல. 40.5ஐத் தொட்டா வேலையைச் சுருக்கிட்டு தொடை இடுக்கு, வயித்து மேல தண்ணி ஊத்தி விசிறுங்க. 41 ஆயிடுச்சுன்னா கையில என்ன வேலை இருந்தாலும் நிறுத்திட்டு எழுப்புற மருந்து போட வேண்டியதுதான். சைலசின் மாதிரி மருந்துங்க ரத்தத்துல ஆக்ஸிஜனைக் குறைக்கும், அதனால பிரச்சினை வரட்டும்னு காத்திருக்காம ஆரம்பத்துலேர்ந்தே மூக்குல டியூப் வைச்சு நிமிஷத்துக்கு 2லேர்ந்து 5 லிட்டர் விடுங்க. ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு காட்ட நாக்குல மாட்டுற கருவியில 90 சதவீதத்துக்குக் கீழ காட்டினா முதல்ல கழுத்தை நேராக்குங்க, கருவியை மறுபடி மாட்டிப் பாருங்க, அப்பவும் ஏறலன்னா ஆக்ஸிஜனைக் கூட்டுங்க.

இடது வயிறு பந்தா உப்புச்சுன்னா உடனே நெஞ்சு தரையில வர மாதிரி நிமித்தி உக்கார வைங்க, பாதி நேரம் ஏப்பம் விட்டு அதுவே சரியாயிடும், இல்லன்னா வயித்து டியூப், அதுக்கும் அடங்கலன்னா மயக்கத்தை முறிச்சிடுங்க. மொத்த வேலையும் 40 நிமிஷத்துக்குள்ள முடியணும், அதுக்கு மேல இழுக்கும்னு தெரிஞ்சா அது ஆபரேஷன் தியேட்டர்ல பண்ண வேண்டிய கேஸ்.

எழுப்புறது

வேலை முடிஞ்சதும் டப்புனு எழுப்பிடணும்னு தோணும். கெட்டமின் போட்டு 30, 40 நிமிஷமாவது ஆகட்டும். சைலசினை மட்டும் முறிச்சுட்டு கெட்டமின் உடம்புல மிச்சம் இருந்தா மான் விறைச்சு, தலையை அடிச்சுக்கிட்டு எழும், ஏன்னா யோஹிம்பைனும் அட்டிபமெசோலும் கெட்டமினை முறிக்காது. மெடிடோமிடின் போட்டிருந்தா அதோட மில்லிகிராமைப் போல 5 மடங்கு அட்டிபமெசோல் சதையில போடுறது வழக்கம். மருந்து போடுறதுக்கு முன்னாடி சாமான் எல்லாம் வெளிய, ஆள் எல்லாம் வெளிய, மருந்து போடுறவர் வெளிய வர கதவும் வழியும் தயார். காதுப் பஞ்சு, கொம்புல மாட்டின பைப், கடைசியா கண் கட்டு, இந்த வரிசையில எடுத்துட்டு வெளிய வந்துடுங்க.

அதுக்கப்புறம்

அன்னைக்கு முழுக்க அதே சின்ன அடைப்புல தனியா இருக்கட்டும். தள்ளாடுற மானைக் கூட்டத்துல விட்டா மத்த ஆண்கள் குத்தும். நிழல்ல, அமைதியா. நல்லா நிமிர்ந்து நின்னு நடந்த பிறகு ஆழமில்லாத தட்டுல தண்ணி, அதுக்கும் சில மணி நேரம் கழிச்சு பச்சைத் தீனி. சைலசின் மறுபடி மயக்கத்தை ஏத்துறதும் உண்டு, அதனால சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர் தூரத்துல உக்காந்து பாக்கணும்.

நான் அதிகமா பயப்படுறது அடுத்து வர்ற நாட்களைத்தான். பிடிக்கும்போது வந்த பயத்துலயும் ஓட்டத்துலயும் தசை சிதைஞ்சிருந்தா மான் அன்னைக்கு நல்லா எழுந்து நடக்கும், அடுத்த நாளோ மூணாவது நாளோ பின்னங்கால் விறைக்கும், மூத்திரம் காபி நிறத்துல போகும், படுத்தா எழாது. சில மான் ரெண்டு வாரம் கழிச்சு கூட திடீர்னு விழும். இது வந்துட்டா குளுக்கோஸ் சலைன், வலி மருந்துன்னு போராடலாம், ஆனா பிழைக்கிறது கஷ்டம். வைட்டமின் இ, செலினியம் ஊசியை பலர் முன்கூட்டியே போடுறாங்க, போடலாம், ஆனா துரத்தாம இருக்கிறதுக்கு அது ஈடாகாது.

ரெண்டு வாரத்துக்கு தினமும் காலையில அந்த மான் நிக்கிற விதம், மேயுதா, அசை போடுதான்னு கீப்பர் ஒரு நோட்டுல எழுதட்டும். மயக்கின அன்னைக்கு உள்ள சீட்டையும் அதுலயே ஒட்டி வைங்க, எடை, மருந்து, டார்ட் அடிச்ச நிமிஷம், படுத்த நிமிஷம், வெப்பம், எழுந்த நிமிஷம் எல்லாம் இருக்கணும், அடுத்த தடவை அந்த மானுக்கு டோஸ் போடப் போறவருக்கு அதை விட நல்ல கணக்கு கிடைக்காது. அதுக்குள்ள மான் இறந்துட்டா போஸ்ட்மார்ட்டத்துல தொடைத் தசை, இதயம், சிறுநீரகம் மூணுலேர்ந்தும் துண்டு எடுத்து 10 சதவீத ஃபார்மலின்ல போட்டு லேபுக்கு அனுப்புங்க, வெறும் "மயக்க மருந்தால் இறப்பு"ன்னு எழுதி ஃபைலை மூடிடாதீங்க.